கிள்ளான் டான், ஈப்போ டான்

வரிசை நகர்கிற மாதிரியே தெரியவில்லை. மணமேடைப் படியிலிருந்து மண்டபத்தின் பாதிவரைக்கும் ஆட்கள் பரிசுப் பொட்டலங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். புவனேந்திரனுக்கு முன்னால் நின்ற அம்மாளின் பட்டுப்புடவையில் பாச்சை உருண்டை வாசம். தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி காற்றைவிடச் சாம்பார் வாசத்தைத்தான் அதிகம் கொண்டுவந்தது. அவன் கையில் சோறாக்கும் குக்கர், ஜிகினாத் தாள் சுற்றியது, தாளின் ஒரு மூலை பிரிந்து கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டே இருந்தது, அதை அவன் சரிசெய்யவில்லை, அந்தச் சின்ன வலி தேவையாயிருந்தது. மேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பக்கத்தில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, வழுக்கைத் தலையில் வியர்வை மின்ன, வருகிறவர்களின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்த குண்டு மனிதர்தான் யோகேஸ்வரன். ஒரு காலத்தில் ஈப்போ டான். இப்போது இன்ஷூரன்ஸ் விற்கிறாராம். புவனேந்திரன் ஒரு காலத்தில் கிள்ளான் டான், இப்போது தரை ஓடுகள் விற்கும் கம்பெனியின் கிடங்கில் சூப்பர்வைசர். இரண்டு பேரும் ஜென்ம எதிரிகள் என்று தமிழில் ராப் கேட்கிற மலேசியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்த்தது மொத்தமே ஒரே ஒரு பகல். இப்போது மேலே ஏறிப்போய் என்னவென்று கூப்பிடுவது? யோகா என்றா, யோகேஸ்வரன் என்றா, நீங்கள் என்றா, நீ என்றா? பாட்டில் எல்லாம் டேய்தான். நேரில் பார்த்த அந்த ஒரு பகலில் நீங்க, வாங்க. எதிரியை டேய் என்று சொல்லிப் பழகிய நாக்கு, மேடையில் அவசரத்தில் அதையே சொல்லித் தொலைத்துவிட்டால்?

"ஏங்க, அந்தத் தாள நோண்டாதீங்க," என்றாள் கோமளா. அவள்தான் குக்கரைத் தேர்ந்தெடுத்தாள், அவள்தான் சுற்றினாள், அவள்தான் போயே ஆகவேண்டும் என்றும் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த யோகாவின் பெயரை வீட்டில் எடுக்கவே கூடாது என்று நினைத்திருந்தவள். ஏன் கூடாது என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை, எடுக்கலாம் என்றும் சொல்லவில்லை. வரிசை அரை அடி நகர்ந்தது. முன்னாலிருந்த அம்மாள் நகர, அவன் நகர, கோமளாவின் வளையல் அவன் முழங்கையில் இடித்தது. மேளக்காரர் ஒரு சுற்று முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார், அந்தத் தாளம் அவன் காலுக்குள் இறங்கி வேறொன்றாக மாறியது, எப்போதுமே அப்படித்தான், எந்தத் தாளம் கேட்டாலும் அதன் அடியில் இன்னொன்று ஓடும், துறைமுகத்தில் கண்டெய்னர் கதவு மோதுகிற சத்தத்தின் மேல் அவன் பத்தொன்பது வயதில் போட்ட முதல் தாளம். அப்போது அவன் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்தான். அவன் கூட்டாளி அந்தோணி, எல்லோருக்கும் தோனி, கப்பல்களுக்குக் காய்கறி கொண்டுபோகும் படகில் வேலை. கப்பல் ஆட்களிடம் சிகரெட்டுக்குப் பதிலாக கேசட் வாங்கிக்கொண்டு வருவான். நியூயார்க் ராப் கேசட்டுகள். மேலட்டையில் கோட்டு போட்ட கறுப்பின இளைஞர்கள், சுருட்டு, நீளமான கார். புவனுக்குப் பாதி வார்த்தை புரியாது, ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்தது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வரை தெருமுனையில் நின்று பாடியவர்கள் இப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சினிமாவில் பார்த்த இத்தாலிக்காரத் தலைவர்களின் பெயரை ஒருத்தன் எடுத்துக்கொண்டான், அதைப் பார்த்து இன்னொருத்தன், அந்தத் தலைவனின் எதிரியின் பெயரை எடுத்துக்கொண்டான், மூன்றாமவன் தன் கூட்டாளிகள் எல்லோருக்கும் பெயர் வைத்து ஒரு குடும்பமே கட்டிவிட்டான். ஒருத்தன் பாடுவதை மற்றவன் ஸ்டூடியோ வாசலில் நின்று கேட்டு, வீட்டுக்குப் போய்த் தன் பாட்டைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினான் என்றெல்லாம் தோனி கதை சொல்வான். படகில் கத்தரிக்காய் கூடை தூக்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. நம்ப விரும்பினார்கள், நம்பினார்கள். அந்தக் கதையைக் கேட்ட ராத்திரி புவனுக்குத் தூக்கம் வரவில்லை என்பதில்லை, நன்றாகத் தூங்கினான், ஆனால் எழுந்தபோது அவனுக்கு ஒரு பெயர் இருந்தது.

கிள்ளான் டான். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. உதட்டுக்கு மேல் மீசைகூடச் சரியாக வளராதவன், அம்மா கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பொட்டலத்தோடு மோட்டார் சைக்கிளில் போகிறவன், துறைமுகம் முழுக்க என்னுடையது, கப்பல் என்னைக் கேட்டுத்தான் நங்கூரம் போடும் என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். கத்தத்தான் தெரியும் அப்போது. தோனியின் தங்கை வைத்திருந்த கீபோர்டு, இரட்டை டேப் ரிக்கார்டர், கழிவறைக்குப் பக்கத்து அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து ஒலிப்பதிவு. நகல் எடுத்து, நகலுக்கு நகல் எடுத்து, சத்தம் தேய்ந்து தேய்ந்து அது எங்கெங்கோ போயிற்று. பேருந்து நிலையத்தில் ஒருத்தன் அதை முணுமுணுத்துக்கொண்டு போனதைக் கேட்டு அவன் பின்னாலேயே நடந்தான், தன் பேருந்தை விட்டுவிட்டான். அந்த நடை, அந்த வெயில், நடைபாதையில் வாழைப்பழப் பொரியல் வண்டியின் எண்ணெய்ப் புகை, முன்னால் போகிற முன்பின் தெரியாத ஒரு முதுகு, அந்த முதுகுக்குள் தன் வார்த்தை. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, கல்யாணம், பிள்ளை, சொந்த வீடு. ஆனாலும் அந்த முதுகு மாதிரி எதுவும் இல்லை என்று கோமளாவிடம் சொல்ல முடியுமா? அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள், அதுதான் சிக்கலே, சரிதான் என்பாள்.

பிறகு ஈப்போவிலிருந்து ஒரு கேசட் வந்தது. தோனிதான் கொடுத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தான், துக்கச் செய்தி மாதிரி. போட்டுக் கேட்டபோது முதலில் ஒன்றுமே கேட்கவில்லை, டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும், புவன் சத்தத்தைக் கூட்டினான், இன்னும் கூட்டினான், காதை ஸ்பீக்கரில் வைத்தான், அப்போதுதான் காதுக்குள்ளேயே ஒருத்தன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ‘கத்துறவன் காவக்காரன், மெல்லப் பேசுறவன் மொதலாளி. டேய் கிள்ளான், வாசல்ல நில்லு.’ அவ்வளவுதான், அவ்வளவு மெல்ல. கோபம் வரவேண்டிய இடத்தில் புவனுக்கு முதுகுத்தண்டில் குளிர் ஓடியது. இவன் யார்? கப்பலையும் கடலையும் சொந்தம் கொண்டாட ஆயிரம் பேர் கத்தலாம், இவன் சுண்ணாம்பு மலையைப் பற்றிப் பேசினான், குகைக்குள் உட்கார்ந்துகொண்டு மேலே இருக்கிற ஊரை விலைபேசுகிறவன் மாதிரிப் பேசினான், எந்த வார்த்தையையும் அவசரப்படுத்தவில்லை. அந்த கேசட்டைத் தேயத் தேயக் கேட்டான் புவன். கேட்பது எங்கே முடிந்து கற்பது எங்கே தொடங்கியது என்று அவனுக்கே தெரியாது. அடுத்த பாட்டைப் பாட நின்றபோது கத்துவதற்கு வாயைத் திறந்தான், குரல் தானாகவே கீழே இறங்கியது. தோனி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தான். அந்தப் பாட்டுதான் அவனை ஊரெல்லாம் கொண்டுபோனது. ‘உன் பேர நான் மெதுவாச் சொன்னாப் போதும், உன் வாசல்ல செருப்பு நெறையும்.’ சாவு வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். வரி அவனுடையது, சத்தியமாக அவனுடையதுதான், பெரியப்பா செத்தபோது வாசலில் தன் செருப்பைத் தேடிய ஞாபகத்திலிருந்து வந்தது. ஆனால் அந்த மெதுவா என்கிற வார்த்தை? அந்த மூச்சு? அது எங்கிருந்து வந்தது?

முன்னால் இரண்டு பேருக்கு அப்பால் ஒரு தடித்த கழுத்து. மடிப்பு விழுந்த கழுத்து, அதில் தங்கச் சங்கிலி, காதுக்குக் கீழே மச்சம். குட்டியா அது? மாயழகு அண்ணனின் அடியாள் குட்டி? இல்லை, குட்டிக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும், இந்தக் கழுத்து இளசு. ஆனால் அன்றைக்கு குட்டியின் கழுத்தும் இளசாகத்தானே இருந்தது. ஞாபகத்தில் யாருக்கும் வயதாவதில்லை, அதனால் பயத்துக்கும் வயதாவதில்லை. கழுத்து திரும்பியது, முன்பின் தெரியாத முகம், பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டு. புவன் மூச்சை விட்டான். கோமளா ஒரு மாதிரி பார்த்தாள். "ஒண்ணுமில்ல, புழுக்கம்," என்றான். அந்த நாட்களில் இப்படிப் பயப்படவேண்டியிருக்கும் என்று யார் கண்டது? எல்லாம் விளையாட்டு. அவன் மெல்லப் பேச, ஈப்போக்காரன் அடுத்த கேசட்டில் அம்மாவைக் கொண்டுவந்தான். புவனின் பழைய பாட்டு ஒன்றில், ஊரே நடுங்கும் டான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா திட்டுவாளே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவான், கேட்டவர்கள் சிரித்துவிட்டுச் சட்டென்று அமைதியாவார்கள். அதை ஈப்போ டான் எடுத்துக்கொண்டான், எடுத்துப் பெரிதாக்கினான், அவனுடைய டான் அம்மாவின் மாத்திரைக்காக மருந்துக்கடை வரிசையில் நின்றான். கேட்டபோது புவனுக்குப் பொறாமை, பொறாமைக்கு அடியில் ஒரு சந்தோஷம், தன் பிள்ளை அடுத்த வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிற மாதிரி. இரண்டு பேரையும் பார்த்து செரம்பானில் ஒருத்தன், பினாங்கில் இரண்டு பேர், சுங்கைப்பட்டாணியில் பள்ளிக்கூட மாணவன் ஒருத்தன், எல்லோரும் டான்கள். நாடு முழுக்கத் தமிழ் டான்கள், ஒருத்தனிடமும் சொந்தமாகக் கார் இல்லை. எல்லோரும் மெல்லப் பேசினார்கள். எல்லோருக்கும் அம்மாவிடம் பயம்.

அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வழக்கம்போல நினைத்தான், நின்றிருந்தால் இந்த மண்டபத்தில் இன்று ஒன்றாகச் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நிற்கவில்லை. மாயழகு அண்ணனின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் என்றால் நிஜ அண்ணன். கிள்ளானில் பாதிக் கடைகள் யாருக்குப் பயந்து வணக்கம் வைத்தனவோ அந்த மாயழகு. பூப்போட்ட பாத்திக் சட்டையும் ஜப்பான் ரப்பர் செருப்புமாக மீன் சந்தையில் உரக்கப் பேரம் பேசுகிற மனிதராகத்தான் புவன் அவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருந்தான். அன்றைக்கு மத்தியானம் கடலோர உணவுக்கடையின் மாடியில் அவரைப் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை. அந்த வெயிலில் கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி, கோட்டின் அக்குளில் வியர்வை வெள்ளையாகப் பூத்திருந்தது. வாயைத் திறந்தார், குரல் வரவில்லை, அதாவது மெல்ல வந்தது, ஒவ்வொரு வார்த்தையாக. "வாங்க தம்பி. ஒக்காருங்க." அந்தக் குரலை புவனுக்குத் தெரியும். அவனுடைய கேசட்டின் குரல் அது, ஈப்போ கேசட்டின் குரல். பக்கத்தில் ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான், அவனும் அதையே கேட்டான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. அப்படித்தான் யோகாவை முதன்முதலில் பார்த்தான், ஒரு நிஜமான தாதாவின் வாயிலிருந்து தங்கள் குரல் வருவதைக் கேட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளிறிப்போனபோது. சினிமாவைப் பார்த்து நியூயார்க்குக்காரன், நியூயார்க்குக்காரனைப் பார்த்து நாம், நம்மைப் பார்த்து மாயழகு. நண்டு வந்தது, ஓட்டை உடைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அப்போதுதான் குட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகம் மலர, "அண்ணே, போன வாரம் டோபிக் கடைக்காரர்கிட்ட ஒங்க வரியத்தான் சொன்னேன். செருப்பு வரி. மெதுவாத்தான் சொன்னேன், நீங்க சொல்ற மாதிரியே. அப்பறம் வெரல ஒடச்சேன்," என்றான். புவன் கையிலிருந்த நண்டுக் காலைத் தட்டில் வைத்தான். அந்த டோபிக் கடை அவனுக்குத் தெரிந்த கடை. பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது அவர் இடது கையால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புவன் உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்வது?

"ரெண்டு பேரும் சேந்து என்னப் பத்தி ஒண்ணு பாடணும்," என்றார் மாயழகு. மெல்லச் சொன்னார். "தீபாவளிக்குள்ள." யாரும் முடியாது என்று சொல்லவில்லை. யாரும் சரி என்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டினார்கள், அது சரிதான். யோகாவை ஈப்போ பேருந்துக்குக் கொண்டுபோய் விடும்படி புவனிடம் சொன்னார்கள், தோனியின் காய்கறி வேனில் கூட்டிக்கொண்டு போனான். வேனில் அழுகின முட்டைக்கோஸ் வாசம். அவன் கேட்க நினைத்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான், விரல் உடைந்த மனிதரைப் பற்றிக்கூட இல்லை, அதை நினைத்தால் இன்றும் தன்மேல் ஓர் அலுப்பு. "எப்பிடிங்க அந்தக் கொரலப் புடிச்சீங்க?" என்று கேட்டான்.

யோகா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கப்பா கல்லு மலையில ராத்திரி வேல. பகல்ல தூங்குவாரு. எங்க வீடு பலகச் செவரு. எனக்குப் பாட நேரம் கெடைக்கிறதே பகல்லதான். சத்தம் கேட்டா எந்திரிச்சி வந்து கையில அம்புட்டதால போடுவாரு."

"அதானா?"

"அதான். நீங்க என்னமோன்னு நெனச்சீங்களா?"

புவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்தது, யோகாவும் சிரித்தான், வேன் தடுமாறியது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் யாரோ சொன்னார்கள், அவனா தானா என்று எத்தனை வருஷமாக யோசித்தும் பிடிபடவில்லை, முடியாது என்று சொன்னால் நம் விரல் போகும், ஆனால் ஆகாதவர்கள் என்றால் சேர்ந்து பாட முடியாதுதானே? சண்டை போடுவோம். ஊரறியச் சண்டை. யார் சொன்னது? ஸ்டியரிங்கில் தன் கை இருந்தது ஞாபகம், யோகாவின் கை ஜன்னல் கம்பியில் தாளம் போட்டது ஞாபகம், சொன்ன வாய் மட்டும் ஞாபகமில்லை. எது வேண்டுமானாலும் சொல்லலாம், அம்மாவைத் தொடக்கூடாது என்றான் புவன். அப்பாவையும் என்றான் யோகா. பேருந்து நிலையத்தில் மாயழகுவின் ஆட்கள் யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று கைகூடக் கொடுக்கவில்லை. இறங்கி, வேன் கதவை ஓங்கி அடித்தான் யோகா, கதவின் ரப்பர் பிய்ந்து தொங்கியது, காறித் துப்பிவிட்டுப் போனான். அவ்வளவு தத்ரூபமாகத் துப்பினான். அதில் நடிப்பு எவ்வளவு என்று அப்போதே ஒரு நொடி தோன்றியது.

வரிசை இப்போது வேகமாக நகர்ந்தது, முன்னால் யாரோ ஒரு குடும்பம் மொத்தமாக இறங்கியிருக்கவேண்டும். மேடைப் படியின் ஓரத்தில் வாழைக்கன்று சாய்ந்து வழியை மறைத்தது, அதைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு ஆட்கள் ஏறினார்கள். சண்டை நன்றாக நடந்தது. அவர்கள் பாடியதிலேயே நல்ல பாட்டுகள் அந்தச் சண்டையில்தான் வந்தன. ஒரு மாதம் அவன், மறு மாதம் இவன், நாடு முழுக்கப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மாயழகு இரண்டு தடவை சமாதானத்துக்கு ஆளனுப்பினார், புவன் ஒரு தடவை அழுதேகூடக் காட்டினான், அவன் இருக்கிற மேடையில் நான் ஏறமாட்டேன் அண்ணே என்று. அவருக்கு அலுத்துவிட்டது. செரம்பான் பையன் அவரைப் பற்றிப் பாடினான், கோட்டு தைத்துக் கொடுத்தார்களாம், கூடவே வைத்துக்கொண்டார்களாம், அவன் இப்போது எங்கே என்று அவன் வீட்டுக்கே தெரியாது. அந்த இடத்தில் நாம் இருந்திருப்போம் என்று நினைக்கும்போதெல்லாம் புவனுக்கு வாய் உலர்ந்துபோகும். தப்பித்தோம். யோகாவால் தப்பித்தேன், என்னால் அவன் தப்பித்தான். பின் ஏன் ஒரு போன் இல்லை? மாயழகு சிறுநீரகம் கெட்டு வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார், குட்டி எங்கோ போய்விட்டான், ஒரு போன் செய்திருக்கலாமே? செய்யாததற்கு அந்த வரிதான் காரணம். யோகாவின் கடைசிப் பாட்டு, அதற்கப்புறம் இரண்டு பேருமே பாடவில்லை. அதில் அம்மாவைத் தொடவில்லை, அப்பாவைத் தொடவில்லை, ஒப்பந்தத்தை எங்கேயும் மீறவில்லை. நடுவில் ஒரே ஒரு வரி. ‘எம் மூச்சத் திருடி நீ பேசுற, திருப்பிக் குடுத்தா நீ ஊமை.’ மற்றதெல்லாம் நாடகம் என்று சிரித்துக்கொண்டே கேட்டவன் அந்த இடத்தில் டேப்பை நிறுத்தினான். ஏனென்றால் அது நிஜம். நாடகத்துக்கு எழுதியதா, நெஞ்சிலிருந்து எழுதியதா? நாடகத்துக்குத்தான் என்று காலையில் தோன்றும், சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் இல்லை என்று தோன்றும். கேட்டுவிடலாம்தான், கேட்டு, ஆமாம், நெஞ்சிலிருந்துதான் என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே இருபது வருஷம் போய்விட்டது. அந்த இருபது வருஷத்தில் ரேடியோவில் வருகிற ஒவ்வொரு புதுப் பையனும் மெல்லப் பேசினான். கிள்ளான் டானிடமிருந்து கற்றது என்று பேட்டியில் சொன்னான். புவன் ரேடியோவை அணைத்தான்.

போன மாதம் பத்திரிகையில் இரங்கல் பக்கத்தில் மாயழகுவின் படம் வந்திருந்தது. கோட்டும் தொப்பியுமாக. கீழே ஆறு பேரப்பிள்ளைகளின் பெயர். புவன் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், செத்தவர் மேல் பரிதாபமா, நிம்மதியா, ஒன்றும் பிடிபடவில்லை, காப்பி ஆறிப்போயிற்று. அந்த வாரமே தெரியாத நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. பிள்ளையார் படம், மகள் பெயர் நித்தியகல்யாணி, தகப்பன் பெயர் யோகேஸ்வரன், கிள்ளானில் கோயில் மண்டபம், கடைசியில் தனியாக ஒரு வார்த்தை, வரணும். அனுப்புவது யார் என்று கூட இல்லை. மாயழகுவின் இரங்கல் படத்தை இவன் பார்த்த அதே காலையில் ஈப்போவில் யோகாவும் பார்த்திருக்கிறான்.

கால் படியில் இருந்தது. எப்போது ஏறினான் என்று தெரியவில்லை. பாச்சை உருண்டை அம்மாள் பெண்ணின் தலையில் மஞ்சள் அரிசி தூவிவிட்டு நகர்ந்தாள், நடுவில் யாருமில்லை. கோமளா குக்கரை அவன் கையிலிருந்து வாங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்தாள், அப்போதுதான் கை வெறுமையானது தெரிந்தது. யோகேஸ்வரன் அவனைப் பார்த்தார். கிட்டத்தில் கண் மட்டும் அதே கண், சுற்றிலும் மற்றதெல்லாம் வேறு யாருடையதோ. வியர்த்த இரண்டு கையும் புவனின் கையைப் பிடித்தன, குலுக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றன.

"அந்த வரி," என்றான் புவன்.

எந்த வரி என்று யோகா கேட்கவில்லை. அதிலிருந்தே புவனுக்கு விளங்கிவிட்டது, இவனும் இத்தனை வருஷமும் அந்த ஒரு வரியோடுதான் சோறு தின்றிருக்கிறான். பின்னால் வரிசை நின்றது. நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. யோகா அவன் காதுப்பக்கம் குனிந்தான்.

"ஆமா. நெசமாத்தான் எழுதினேன். அன்னிக்கி எரிச்சலாத்தான் இருந்திச்சி, இல்லன்னு சொல்லமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா புவன், நீங்க பாடினப்பறந்தான் அது ஒரு கொரலுன்னே எனக்குத் தெரிஞ்சிச்சி. அதுக்கு முந்தி அது எங்கப்பா முழிச்சிக்குவாரேங்கிற பயம். அவ்வளவுதான். பயத்த யாராவது திருட முடியுமா?"

கை இன்னும் அந்த இரண்டு கைக்குள் இருந்தது. அம்மாவுக்காக டான் மருந்துக்கடை வரிசையில் நின்றதை நீ எவ்வளவு நன்றாக எழுதினாய் என்று சொல்லவேண்டும் போலிருந்தது, அந்தக் கேசட்டைக் கேட்ட அன்று அம்மாவுக்கு நிஜமாகவே மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. "அப்பா?" என்று மட்டும் கேட்டான்.

"போயிட்டாரு. எட்டு வருஷமாச்சி." யோகா நிமிர்ந்து மகளின் பக்கம் திரும்பினான். "அம்மா நித்தியா, இங்க வா. பெரியப்பா. கால்ல விழுந்துக்க, மாப்பிள்ளயையும் கூப்பிடு."

பெண் எந்தப் பெரியப்பா என்று ஒரு நொடி முழித்தாள். இருந்தாலும் கனமான புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், மாப்பிள்ளையும் குனிந்தான், மல்லிகைச் சரம் புவனின் காலில் உரசியது. ஆசீர்வாதம் செய்ய என்ன சொல்லவேண்டும் என்று மறந்துபோய், கோமளா பக்கத்திலிருந்து, "நல்லா இருங்கன்னு சொல்லுங்க," என்றதும், "நல்லா இருங்க," என்றான்.

கீழே நின்ற போட்டோக்காரர் பொறுமை இழந்திருந்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு, "சார், குடும்பத்தாளுங்க மட்டும் ஒரு படம். மத்தவங்க கொஞ்சம் எறங்கிக்குங்க," என்றார். கோமளா படிப்பக்கம் திரும்பிவிட்டாள். புவனும் திரும்பினான், ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தான். சட்டைக் கையை ஏதோ பிடித்து இழுத்தது. வாழைக்கன்றில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தான்.

"எங்க போறீங்க? நில்லுங்க, அண்ணியையும் நிக்கச் சொல்லுங்க," என்றான் யோகா. கேமராவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் மண்டபத்தின் கடைசி நாற்காலிவரைக்கும் கேட்கும்படி, அவ்வளவு உரக்கச் சொன்னான்.